ஒரு நாளைக்குப் பதினொரு ஆத்திரம்

மார்ச் 4

எலி,

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ நடுவில் புகுந்து ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அப்புறம் என் கோபம் நீர்த்துப்போகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஒழுங்காக உட்கார்ந்து முழுவதும் படி.

போன மாதம் நீ ஒரு மேடையில் ஏறி, உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் சிறுநீர்ப்பையையும் குடலையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று பொதுமக்களுக்கு விளக்கினாயாம். நல்லது, விளக்கு. எலியைப் பற்றிச் சொல். நடுவில் நான் எதற்கு? “எங்க அக்கா டவர் கிரேன் ஓட்டுறாங்க. காலைல ஏறினா ஒம்பது மணி நேரம் இறங்க மாட்டாங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. அடக்கி அடக்கியே பழகிட்டாங்க” என்று நீ சொல்ல, கூட்டம் கைதட்டியதாம். அந்த வீடியோ எங்கள் சைட்டுக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று நினைத்தாய்? நாலே நாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, வெல்டர் முதல் சமையல்காரர் வரை நூற்றிருபது பேரும் மென்றார்கள். இங்கே யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேலே இருப்பதால் மேலக்கா. என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் மேலக்காதான். அந்தப் பெயரில் பதினொரு வருஷமாக ஒரு மரியாதை இருந்தது. கிரேனே இல்லாமல் என் மானத்தைக் கப்பலில் ஏற்றிவிட்டாய்.

சிரிப்போடு முடிந்திருந்தால் நானும் இரண்டு நாள் முறைத்துவிட்டு விட்டிருப்பேன். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார், யாரைப் பார்த்தாலும் “தொப்பி எங்கே?” என்று கேட்டுக் கேட்டுத் தொப்பி என்றே பெயர் வாங்கியவர். அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒம்பது மணி நேரம் அடக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க கையில ஒம்பது டன் தொங்குது. தெரியாம இருந்தா பரவாயில்ல. இப்பத் தெரிஞ்சு போச்சே” என்றார். ஏப்ரல் பதினெட்டுக்குள் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே சாமான் அறையில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் பிரிக்க வேண்டும்.

ஏப்ரல் பதினெட்டு என்ன நாள் தெரியுமா? இங்கே கட்டுகிற இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே இரும்பு நடைபாலத்தைத் தூக்கி வைக்கிற நாள். மூன்று துண்டு. இத்தனை வருஷத்தில் செங்கல்லையும் கம்பியையும் தூக்கியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் சாமான் அறை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டுமா?

உன்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் எழுதிக் காட்டுகிறேன். உன்னைப் படிக்க வைத்தது நான்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

முழுவதும் படித்தேன், இரண்டு தடவை. உன்னைக் கேட்காமல் உன் கதையை மேடையில் சொன்னது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அடுத்த வாக்கியத்தை ‘ஆனால்’ என்று தொடங்கினால் சோறு கிடையாது என்று வீட்டில் உத்தரவு. அதனால் ‘இருந்தாலும்’ என்று தொடங்குகிறேன்.

இருந்தாலும், நீயும் என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறாய். மாமாவிடம் பேசினேன். (அவர் எண்ணைத் தடுக்க உனக்குத் தோன்றவில்லை, பார்.) “உங்க அக்கா இப்பல்லாம் வாசப் பூட்டுல சாவியப் போட்டதும் பையத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடுறா மாப்ளே. செருப்பக் கூடக் கழட்டுறதில்ல. கேட்டா என்னையே முறைக்கிறா” என்றார். எத்தனை நாளாக? பழகிவிட்டாய் என்று நான் மேடையில் சொன்னேன். நீ பழகவில்லை, தவிக்கிறாய்.

என் வேலையைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கடிதத்தில் நீயும் குறுக்கே பேச முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். உப்பு தண்ணீரில் கரைந்தால் மின்னூட்டம் உள்ள துகள்களாகப் பிரியும். அவைதான் அயனிகள். நம் செல்களின் மேல்தோலில் அந்த அயனிகள் போய்வரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. வாசல் திறந்தால் அயனி உள்ளே பாயும், நரம்பில் மின்சாரம் ஓடும், மூளைக்குச் செய்தி போகும். எல்லா வாசலும் ஒரே தட்டலுக்குத் திறக்காது. மிளகாய்க் காரத்துக்கும் சூட்டுக்கும் திறக்கிற வாசல் ஒன்று. குளிருக்குத் திறக்கிறது ஒன்று. சுவர் இழுபட்டால் திறக்கிறது ஒன்று. அதற்குப் பீசோ என்று பெயர். சிறுநீர்ப்பை நிறைய நிறையச் சுவர் விரிகிறது, பீசோ திறக்கிறது, ‘நிறைகிறது, கவனி’ என்று செய்தி போகிறது. நான் நாள் முழுக்க எலியின் பைக்குள் பொடிக் குழாயால் உப்புநீர் ஏற்றி, அந்தச் செய்தி எப்போது கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிறவியிலேயே பீசோ வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள், அக்கா. பை நிறைந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்து போவார்கள். உனக்கு வாசல் நன்றாக இருக்கிறது. அது கத்துகிறது. நீ காதைப் பொத்திக்கொள்கிறாய்.

நான் டாக்டர் இல்லை. எலிகளுக்கு மட்டும்தான் ஆள். நீ டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். போகும்போது மூன்று நாள் குறிப்பு ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எப்போது வருகிறது, பத்துக்கு எவ்வளவு முட்டுகிறது, போனால் எத்தனை மில்லி, கசிந்ததா. இவ்வளவுதான். கூடவே ஒரு கேள்வி, கோபப்படாதே. வயிறு கடைசியாக எப்போது சுத்தமாகப் போனது?

எலி

மார்ச் 16

எலி,

கேட்கிற கேள்வியைப் பார். இந்தக் கேள்விக்கா உன்னைப் பட்டத்துக்கு மேல் பட்டம் படிக்க வைத்தேன்?

சனிக்கிழமை. பதிலும் சொல்லியாயிற்று, போதுமா? இன்று வியாழன்.

உன் கடிதத்தை மேலே எடுத்துப்போய்ப் படித்தேன். என் அறையை நீ பார்த்ததில்லை. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலடியில் கண்ணாடி, அதற்குக் கீழே அறுபத்தெட்டு மீட்டர் வெறும் காற்று. இறங்கி ஏற இருநூற்றுப் பதினாறு படி. நான் இறங்கினால் கீழே எல்லா வேலையும் முக்கால் மணி நேரம் நின்றுபோகும். ‘மேலக்கா எதுக்கு இறங்குறாங்க?’ என்று நூற்றிருபது பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். முதல் வாரமே அதை ஒரு தடவை பட்டேன். அன்றோடு தண்ணீரை விட்டேன்.

நீ குளிர் வாசல் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை படித்தேன். காலையில் ஏணிக் கம்பி ஜில்லென்று இருக்கும். அதைத் தொட்ட மாத்திரத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வரும். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது, ஏணியைத் தொட்டால் வருகிறது என்று? அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. உன்மேல் இருந்த கோபத்தில் கால் பங்கு அந்த இடத்தில் போயிற்று. முக்கால் பங்கு பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. கிரேனில் லிமிட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. சுமை அளவு மீறினால் மணி அடித்து நிறுத்தும். சில திருட்டு ஓட்டுநர்கள் அதைக் கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒருவனை நானே பிடித்துக்கொடுத்திருக்கிறேன். பதினொரு வருஷமாக என் சொந்தச் சுவிட்சைக் கட்டிப்போட்டிருக்கிறேன், பார்.

குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டேன். கிரேனின் வாரக் குறிப்பு எழுதுகிற அதே நீல நோட்டு, சாமான் அறையில் இன்னொன்று கேட்டு வாங்கினேன். மெக்கானிக் மேலே வந்தால் கண்ணில் பட்டுவிடும் என்பதால், அந்த வார்த்தையை எழுதவில்லை. ‘ஆத்திரம்’ என்று எழுதுகிறேன். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று ஊரே சொல்கிறது. நான் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஆத்திரத்தை உன்மேல் கொட்டியவள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ கேட்ட அந்த மற்ற விஷயத்துக்கு ‘பெரிய சுமை’. ஒரு நாள் பக்கத்தை எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

11.20 ஆத்திரம், பத்துக்கு ஐந்து. அடக்கினேன்.
12.05 ஆத்திரம், ஏழு. பல்லைக் கடித்தேன்.
2.40 ஆத்திரம், ஒன்பது. கீழே நின்று கை காட்டும் கொடிக்காரர் வாக்கி டாக்கியில் ‘இன்னும், இன்னும்’ என்கிறார்.
4.15 ஏணியில். அடக்க முடியவில்லை. துளி கசிந்தது.
4.30 கொட்டித் தீர்த்தேன். 520.
பெரிய சுமை: ஐந்தாம் நாள். இறங்கவில்லை.

நடுவில் சிலவற்றை விட்டுவிட்டேன். மொத்தம் பதினொன்று.

அக்கா

மார்ச் 21

அக்கா,

சிரித்துச் சிரித்து எனக்கே கொஞ்சம் கசிந்தது. கிழிக்க மனம் வரவில்லை, மன்னி.

ஐந்தாம் நாளா? அப்படியானால் குற்றவாளி பை மட்டும் இல்லை. குடலின் உள்சுவரிலும் அதே பீசோ உண்டு. உள்ளே ஏதாவது உரசினால், அழுத்தினால், அது திறந்து ‘நகரட்டும்’ என்று சொல்லும். நீ தண்ணீரையும் நிறுத்தி, அவசரத்தையும் அடக்கி, அந்தக் குரலையும் மதிக்காமல் விட்டிருக்கிறாய். குடலும் பையும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இரண்டின் நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகின்றன. ஒரு வீட்டில் கூட்டம் நெருக்கினால் மற்ற வீட்டுக்காரன் கத்துவான். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகி, அதுவே பையின் சுவரை எரிச்சல்படுத்தும். அதனால் நீ குறைக்கக் குறைக்க, அது கூடுகிறது. இதையெல்லாம் டாக்டர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஏப்ரல் நாலாம் தேதிக்கு மாமா உனக்காக நேரம் வாங்கி வைத்திருக்கிறார். அவர்மேல் பாயாதே, தூண்டியது நான்.

நீ சொல்லாததையெல்லாம் சொன்னாய். நானும் ஒன்று சொல்கிறேன். அந்த மேடைப் பேச்சுக்கு முன்னால் நான் நாலு தடவை ஓடினேன். குடலின் நரம்பைப் பற்றிப் பேசப்போகிறவனுக்குக் குடல் கலங்கி, கடைசித் தடவை ஒருங்கிணைப்பாளர் கழிவறைக் கதவைத் தட்டி “சார், உங்க பேரச் சொல்லிட்டாங்க” என்று கூப்பிட்டார். எலியைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தேன். ஏறி நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த தைரியமான ஆள் ஒருத்தியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீ வந்தாய்.

அப்புறம் ஒன்று. நீ பள்ளியில் ஆறாவது படிக்கும்போது அந்தக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இடைவேளைக்கு இடைவேளை என்னை வெளியே காவலுக்கு நிறுத்துவாய். எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாளெல்லாம் நீ வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே இருப்பாய். இந்த ஆராய்ச்சிக்கு ஏன் வந்தாய் என்று யார் கேட்டாலும் நான் ஏதேதோ சொல்வேன். உண்மை அதுதான். உன்னிடம்கூடச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எலி

மார்ச் 28

தம்பி,

தலையில் இடி விழுந்துவிட்டது. பெரிய இடி. சிரிக்காமல் படி.

வெள்ளிக்கிழமை வாரக் குறிப்பைத் தொப்பியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். நீல நோட்டு. எந்த நீல நோட்டு என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும், நான் என் கையால் கெட்டேன்.

சனிக்கிழமை காலை ஏணியில் காலை வைக்கப்போனால், வாக்கி டாக்கியில் தொப்பி. “அக்கா, ஏறாதீங்க. உள்ள வாங்க.” போனேன். மேஜைமேல் என் நோட்டு. பக்கத்தில் வாக்கி டாக்கிப் பதிவுத்தாள். மனிதருக்கு முகமெல்லாம் கவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“எத்தன நாளாக்கா இவ்வளவு ஆத்திரம்?”

நான் அந்தத் தண்ணீரை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“ஒரு நாளைக்குப் பதினோரு தடவ. பத்துக்கு ஒம்பது. எங்க வீட்டுலயே எனக்கு அவ்வளவு வராது. தனியா ஏணில நின்னு கண்ணீர் விட்டிருக்கீங்க. துளி கசிந்ததுன்னு படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கீழ வந்து யார்மேல கொட்டித் தீத்தீங்க? அது என்ன ஐந்நூத்தி இருவது, ரத்த அழுத்தமா?”

வாயைத் திறந்தால் அழுவேனா சிரிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கிரேனை அண்ணாந்து பார்த்தார். “அப்புறம் அந்தப் பெரிய சுமை. அஞ்சு நாளா இறங்கலன்னு எழுதியிருக்கீங்க. கொக்கியில ஒண்ணும் தெரியலையே, எங்க தொங்குது?” என்றார்.

இதுவரை நீ சிரித்திருப்பாய். இதற்குமேல் சிரிக்க ஒன்றுமில்லை. தொப்பி கெட்டிக்காரர். நோட்டில் உள்ள நேரத்தையும் வாக்கி டாக்கிப் பதிவையும் பொருத்திப் பார்த்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்த நேரத்திலெல்லாம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது கொடிக்காரர். பேசாமல் எப்படி? கீழே நின்று கையைக் காட்டி, குரல் கொடுத்து, என்னை ஓட்டுவதே அவர் வேலை. ஆறு வருஷமாக அவர் கையைப் பார்த்துத்தான் நான் கைப்பிடியை அசைக்கிறேன். அந்தக் கை நில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அவர்தான் என்னைச் சீண்டுகிறார் என்று முடிவுகட்டி, கொடியைப் பிடுங்கி, அவரைச் சிமென்ட் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். உடம்பெல்லாம் சிமென்ட் தூள். “எம்மேல என்னக்கா கோவம்? ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க. அதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, நோட்டுல ஏன் எழுதினீங்க?” என்றார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. “உங்கமேல இல்லண்ணே” என்று மட்டும் சொன்னேன். “அப்ப யார்மேல?” என்றார்.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரையும் கூட்டிப் பேசப்போகிறார்கள். கொடிக்காரரைப் பாலம் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிடுவதை அங்கே அறிவிப்பார்கள். நான் உண்மையைச் சொன்னால் அவர் தப்பிப்பார். ஆனால் டாக்டர் சான்று கையில் வருவதற்கு முன்னாலேயே, நூற்றிருபது பேர் முன்னால், நான் கசிகிறேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அதோடு சாமான் அறைதான். பாலமும் போகும், மேலக்காவும் போவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. கோபக்காரி என்ற பெயரோடு மேலே ஏறிவிடலாம். கோபக்காரி என்றால் கௌரவமாகக்கூட இருக்கிறது.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஏறவும் இல்லை.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. கூட்டம் நடந்து முடிந்திருக்கும். நீ என்ன செய்திருப்பாய் என்று நான் மாமாவிடம் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

எதற்கும் ஒரு வேட்டியும் பல் துலக்கும் பிரஷும் எடுத்து வைத்திருக்கிறேன். சாமான் அறை என்றால் சொல். வந்து உன்கூட உட்கார்ந்து நட்டு ஒரு டப்பா, போல்ட் ஒரு டப்பா என்று பிரிக்கிறேன். உன்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது நான் என்றால், பக்கத்து நாற்காலி எனக்கு.

எலி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

வேட்டியை உள்ளே வை.

வரிசையாகச் சொல்கிறேன். கூட்டத்தில் தொப்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சைட்டுல மனக்கசப்பு இருக்கக் கூடாது” என்று தொடங்கினார். கொடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசையில் நின்றார். அதைப் பார்த்ததும் என் கால் தானாக முன்னே போய்விட்டது. யோசித்தெல்லாம் செய்யவில்லை, நம்பு.

“சார், அந்த நோட்டுல ஆத்திரம்னு இருக்கிற எடத்துல எல்லாம் மூத்திரம்னு மாத்திப் படிங்க” என்றேன்.

தொப்பி நோட்டைத் திறந்தார். உதடு அசைய அசைய முதல் வரியிலிருந்து படித்தார். ‘பல்லைக் கடித்தேன்’ வந்தபோது புருவம் ஏறியது. ‘துளி கசிந்தது’ வந்தபோது காது மடல் சிவந்தது. ‘520’ வந்ததும் “ஓ, மில்லியா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் தலையை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டார்: “அப்ப அந்தப் பெரிய சுமை?”

“நேத்து இறங்கிடுச்சு சார்” என்றேன்.

அதற்குப் பிறகு கூட்டமாவது ஒன்றாவது. கொடிக்காரர் சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமா கதவுக்கு வெளியே நின்று, “நீ செஞ்சது சரிதான், சாப்பிட வா” என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடிக்காரருக்கு அன்றே கொடி திரும்பிவிட்டது. என்னைச் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் இருந்தேன். கிரேனை வேறொருவர் ஓட்டினார். மோசமில்லை, ஆனால் திருப்பும்போது கொக்கி ஆடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

டாக்டரம்மா குறிப்பைப் படித்துவிட்டுச் சிரிக்கவே இல்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கிருமி ஏதும் இல்லை, கல் இல்லை. நீ சொன்னதைத்தான் சொன்னார், உன்னைவிடச் சுருக்கமாக. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் அவசரமில்லாமல் உட்கார வேண்டும், காலுக்கு ஒரு முக்காலி போட்டு. கீரை, பழம். முட்டுகிறபோது ஓடாமல் நின்று, அடிப்பகுதித் தசையைச் சுருக்கி விரித்து, அலை தணிந்ததும் நடக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும். பத்து நாளில் பதினொன்று ஆறாயிற்று. சான்றில் ‘தகுதி உண்டு’ என்று எழுதி, அதற்குக் கீழே, ‘இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை கட்டாயம்’ என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

அந்த அடிக்கோட்டோடு சான்றைத் தொப்பியிடம் கொடுத்தேன். எந்த முதலாளி இதற்கு ஒத்துக்கொள்வான்? தொப்பி சான்றை இரண்டு தடவை படித்தார். மறுநாள் பதினாலாவது மாடியில், கிரேன் கம்பத்தைக் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் இடத்தில், ஒரு தற்காலிகக் கழிவறைப் பெட்டி வந்து நின்றது. கம்பத்திலிருந்து அதற்குக் கைப்பிடியோடு ஒரு பலகைப் பாதை. கதவுக்குத் தாழ்ப்பாள் மூன்று. “இத மொதல்லயே செஞ்சிருக்கணும்க்கா. பதினாலு மாடி கட்டுறோம், ரெண்டே ரெண்டு கக்கூஸ், ரெண்டும் கீழ. உங்கள மட்டும் சான்று கேட்டேன்” என்றார். மனிதர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவர்மேல் இருந்த வருத்தம் அங்கேயே கரைந்துபோயிற்று.

நேற்று பாலம்.

காலை எட்டுக்குத் தொடங்கினோம். காற்று இல்லை. முதல் துண்டு கொடிக்காரர் கையைக் காட்டக் காட்டப் போய் உட்கார்ந்தது, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல. இரண்டாவதில் போல்ட் துளை சேராமல் இழுத்தடித்துவிட்டது. பூட்டி முடித்துக் கொக்கியை விடுவித்தபோது மணி பதினொன்று ஐந்து, இடைவேளை நேரம் அரை மணி தாண்டிவிட்டது. எனக்குப் பத்துக்கு எட்டு.

பொறியாளர் மூன்றாவது துண்டுக்கு அவசரப்பட்டார். மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பும் என்று அவருக்குப் பயம். “உடனே மாட்டுங்க, உடனே மாட்டுங்க” என்று வாக்கி டாக்கியில் ஒரே சத்தம். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். எல்லாத் தலையும் என்னை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. எனக்குள் இருந்த பழைய மேலக்கா சொன்னாள், இன்னும் ஒரு மணி நேரம்தானே, பல்லைக் கடி, பாலத்தை வைத்துவிட்டுப் போகலாம் என்று. பல்லைக் கடிக்கவும் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பொத்தானை அழுத்தினேன்.

“கிரேன் நிக்குது. கொக்கி காலி. எனக்கு மூத்திரம் வருது. பன்னெண்டு நிமிஷம்.”

வாக்கி டாக்கி செத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு கொடிக்காரர் குரல் வந்தது, தயங்கித் தயங்கி.

“சரிக்கா. நீங்க வர்றதுக்குள்ள... நானும் போயிட்டு வந்துடறேன்.”

“நானும்” என்றது ஒரு வெல்டர் குரல். “அண்ணே, நானும்.” யார் யார் என்று தெரியவில்லை, வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பலகைப் பாதையில் நடக்கும்போது எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தொப்பிகள் எல்லாம் ஒரே திசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. பொறியாளர் மட்டும் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் நடையைக் கட்டினார், வேகமாக.

இத்தனை வருஷமாக அடக்கிக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன், தம்பி.

பன்னிரண்டு நிமிஷத்தில் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். கொடிக்காரர் கையைத் தூக்கினார். காற்று இன்னும் கிளம்பவில்லை. மூன்றாவது துண்டை நாங்கள் வைத்தபோது கீழே ஒருவருக்கும் அவசரமே இல்லை.

உன் அக்கா